போருக்கென அமைந்த படை, மழையை எதிர்கொள்ளும் பருவம்: பெங்களூரு குடிமைப் பாதுகாப்புத் தன்னார்வலர்களை அழைப்பது யார்?

பெங்களூரு: 2025 மே 7 அன்று பெங்களூருவில் அபாயச் சங்குகள் ஒலித்தன. நாட்டின் 244 குடிமைப் பாதுகாப்பு மாவட்டங்களில் ஒரே நாளில் போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகை நடத்துமாறு மத்திய உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டிருந்தது. அல்சூர் ஏரிக்கு அருகிலுள்ள குடிமைப் பாதுகாப்புத் தலைமையக வளாகத்தில் தீயணைப்பு, மீட்பு, முதலுதவிப் பயிற்சிகள் செய்துகாட்டப்பட்டன. வான்வழித் தாக்குதல் நேர்ந்தால் குடிமக்கள் என்ன செய்யவேண்டும் என்பதே அன்றைய பாடம்.

அடுத்த இரண்டு வாரங்களுக்குள் ஆபத்து வந்தது. அது வானிலிருந்தே வந்தாலும் விமானத்தில் வரவில்லை. மே 18 இரவு முதல் மறுநாள் காலை வரை நகரில் 100 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ஹொரமாவு பகுதியின் சாய் லேஅவுட் குடியிருப்பில் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்ததால் மக்கள் படகுகளிலும் டிராக்டர்களிலும் வெளியேற்றப்பட்டனர். பி.டி.எம். லேஅவுட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில் தேங்கிய நீரை மோட்டார் வைத்து இறைக்கும்போது மின்சாரம் பாய்ந்து 63 வயது முதியவரும் 12 வயதுச் சிறுவனும் உயிரிழந்தனர்.

போரை எதிர்பார்த்து அமைக்கப்பட்ட ஒரு தன்னார்வ அமைப்பு, ஆண்டுதோறும் தவறாமல் வரும் மழைக்கு எவ்வாறு பயன்படுகிறது? அதை நிர்வகிக்கும் சட்டங்களும் நகர நிர்வாகமும் ஒரே ஆண்டில் மாறியுள்ள நிலையில், வெள்ளம் சூழ்ந்த தெருவுக்கு அந்தத் தன்னார்வலரை அனுப்பவேண்டிய பொறுப்பு யாருடையது?

1962-இல் தொடங்கிய கதை

விமானத் தாக்குதலின்போது பொதுமக்களுக்கு வழிகாட்டத் தெருவுக்கொரு வார்டனை நியமிக்கும் முறை இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஏ.ஆர்.பி. அமைப்பிலிருந்து வந்தது. சென்னைவாசிகளின் முந்தைய தலைமுறைக்கு அது பழக்கமான சொல். 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் குண்டுவீசிய நினைவு மறையாதிருந்த அந்நகரம், 1942-இல் ஜப்பானியத் தாக்குதல் அச்சத்தால் பெருமளவு காலியானது. விளக்கணைப்பும் பதுங்குகுழியும் வார்டனின் விசிலும் அக்காலத்தின் அடையாளங்கள்.

விடுதலைக்குப் பின் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய முக்கியத்துவம் தரப்படவில்லை. 1962 சீனப் போரும் 1965 பாகிஸ்தான் போரும் நிலைமையை மாற்றின. 1968 மே மாதம் குடிமைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு பகுதிக்கெனக் குடிமைப் பாதுகாப்புப் படையை அமைக்கவும், மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரை அதன் கட்டுப்பாட்டாளராக நியமிக்கவும் இச்சட்டம் மாநில அரசுக்கு அதிகாரம் அளித்தது. சிறிய அளவிலான நிரந்தர ஊழியர்களைத் தவிர, படையின் உறுப்பினர் அனைவரும் தன்னார்வலர்களே. கடைக்காரர், ஆசிரியர், ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மென்பொருள் பொறியாளர் என யாரும் சேரலாம். 18 வயது நிரம்பியிருக்கவேண்டும்.

பெங்களூரு இப்பட்டியலில் இடம்பெற்றதில் வியப்பில்லை. 1940-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், 1954-இல் தொடங்கப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ், பின்னர் விண்வெளி ஆய்வு நிறுவனம் எனப் பகைநாட்டின் வரைபடத்தில் குறிக்கத்தக்க இலக்குகள் இங்கு ஏராளம். ஆனால் எல்லையிலிருந்து வெகுதொலைவில் உள்ள தென்னக நகரம் என்பதால், போர் அச்சம் தணிந்த ஆண்டுகளில் படையின் வேலையும் தணிந்தது. பயிற்சி பெற்றவர்கள் பெயரளவில் பட்டியலில் இருப்பதும், அழைப்பே வராமல் ஆண்டுகள் கழிவதும் நாடு முழுவதும் இவ்வமைப்பின் பழைய நோய்.

அதற்கு மருந்தாக வந்தது 2009-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம். 2010 ஜனவரியில் அரசிதழில் வெளியான அத்திருத்தம், குடிமைப் பாதுகாப்பு என்பதன் பொருளில் பேரிடர் மேலாண்மையையும் சேர்த்தது. பேரிடருக்கு முன்பும், நேரும்போதும், பின்பும் மக்களைக் காக்கும் பணிகள் அனைத்தும் அன்றுமுதல் இப்படையின் சட்டபூர்வக் கடமை. கர்நாடகத்தில் தீயணைப்பு மற்றும் அவசர சேவைகள் துறை, ஊர்க்காவல் படை, குடிமைப் பாதுகாப்பு, மாநிலப் பேரிடர் மீட்புப் படை ஆகியவை ஒரே தலைமை இயக்குநரின் கீழ் இயங்குகின்றன. பல மாநிலங்களில் வெவ்வேறு கட்டடங்களில் கிடக்கும் கோப்புகள் இங்கு ஒரே மேசைக்கு வருகின்றன. இது சிறிய நன்மையன்று.

எதிர்த்திசையில் நடந்த ஒரு வரலாறும் உண்டு. அமெரிக்காவில் பனிச்சறுக்கு விளையாட்டில் காயமடைவோரை மலைச்சரிவிலிருந்து இறக்கிக் கொண்டுவர 1938-இல் தேசியப் பனிச்சறுக்கு ரோந்து அமைப்பு உருவானது. 1936-இல் சரிவில் விழுந்து கணுக்கால் முறிந்தபோது உதவிக்கு ஆளின்றித் தவித்தவரும், அதே ஆண்டில் பனிச்சறுக்குப் பந்தயத்தில் நண்பரை இழந்தவருமான மைனட் டோல் அதன் நிறுவனர். இரண்டாம் உலகப் போர் வந்ததும் அமெரிக்க ராணுவம் மலைப்போர்ப் பிரிவுக்கு ஆள் சேர்க்கும் பணியை அந்தச் சிவிலியன் அமைப்பிடமே ஒப்படைத்தது. விளையாட்டுக்குப் பிறந்தது போருக்குப் போனது; இந்தியாவில் போருக்குப் பிறந்தது வெள்ளத்துக்கு வந்திருக்கிறது. அந்த அமைப்பிடம் கற்கத்தக்க எளிய வழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆண்டும் பனிப்பருவம் தொடங்குமுன் உறுப்பினர் அனைவரும் புத்தாக்கப் பயிற்சியை முடிக்கவேண்டும். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் விலக்கில்லை.

பெங்களூருவின் பருவம் எது?

பெங்களூருக்குப் பனிப்பருவம் இல்லை. ஆனால் மழைக்கு இரண்டு உச்சங்கள் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடியுடன் வரும் கோடைமழை முதலாவது. குறைந்த நேரத்தில் கொட்டித் தீர்க்கும் இயல்புடையது. மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்ப்பது. சுரங்கப்பாதைகளை நிமிடங்களில் நிரப்புவது. இரண்டாவது செப்டம்பர், அக்டோபர். சராசரியாக 200 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் செப்டம்பரே ஆண்டின் அதிக மழை மாதம். அதற்குள் ஏரிகள் பாதியோ முழுவதுமோ நிரம்பியிருக்கும் என்பதால் அப்போதைய வெள்ளம் வடிய நாட்கள் ஆகும்.

இரண்டு உச்சங்களும் இரண்டு விதமான மீட்புப் பணியைக் கோருகின்றன. 2023 மே 21 அன்று கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய நீரில் கார் சிக்கியது. அருகிலிருந்தவர்களும் தீயணைப்பு வீரர்களும் காரிலிருந்தோரை மீட்டனர். 22 வயது இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். தலைமைச் செயலகமான விதான சௌதாவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள இடம் அது. அங்கு தேவைப்பட்டது படகன்று. தண்ணீர் ஏறத் தொடங்கியதும் சுரங்கப்பாதையின் இரு முனைகளிலும் நின்று வாகனங்களைத் திருப்பிவிடும் இரண்டு பேர்.

2022 செப்டம்பர் வேறுவகை. செப்டம்பர் 4 இரவு தொடங்கி மறுநாள் காலை வரை 131.6 மில்லிமீட்டர் மழை பதிவானது. பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலை, வெளிவட்டச் சாலைப் பகுதிகள் தண்ணீரில் மூழ்கின. பல கோடி ரூபாய் மதிப்புள்ள வில்லாக்களிலிருந்து மக்கள் படகில் வெளியேறியதும், மென்பொருள் நிறுவன ஊழியர்கள் டிராக்டரில் அலுவலகம் சென்றதும் நாடு முழுவதும் பேசப்பட்டன. அவர்களைவிடத் தாழ்வான இடங்களில், தகரக் கூரைகளின் கீழ் வாழ்ந்த கட்டடத் தொழிலாளர் குடும்பங்கள் பற்றி அவ்வளவு பேச்சில்லை. 2017-இல் பதிவான 1,696 மில்லிமீட்டர் என்ற ஆண்டு மழைச் சாதனையையும் 2022 முறியடித்தது.

2024 அக்டோபரில் எலஹங்காவின் கேந்திரிய விஹார் குடியிருப்பு வெள்ளத்தில் தீவானது. தேசிய, மாநிலப் பேரிடர் மீட்புப் படையினர் அங்கு படகுகளில் மக்களை மீட்டுக்கொண்டிருந்த அதே நாளில், அக்டோபர் 22 அன்று, பாபுசாபாளையாவில் கட்டுமானத்தில் இருந்த கட்டடம் இடிந்து தொழிலாளர்கள் பலர் புதையுண்டனர். ஒரே நாளில் இரு இடங்களில் இருவேறு பேரிடர். தொழில்முறைப் படைகளுக்கு ஆள்பலம் எவ்வளவு இருந்தாலும் இத்தகைய நாளில் அது போதாது. தன்னார்வலர் தேவைப்படுவது இங்குதான். இடிபாடுகளை அறுத்து ஆளை எடுப்பது அவர் வேலையன்று. கூட்டத்தை விலக்கிப் பாதை விடுவது, வீடுவீடாகச் சென்று முதியவர், கர்ப்பிணி, நோயாளி யார் எங்கே உள்ளனர் எனக் கணக்கெடுப்பது, மின்இணைப்பைத் துண்டிக்கச் சொல்வது, காயம்பட்டவருக்குக் கட்டுப்போட்டு ஆம்புலன்ஸ் வரை கொண்டுசேர்ப்பது ஆகியவையே அவர் பணி.

பி.டி.எம். லேஅவுட் மரணங்களை மீண்டும் நினைவுகூரவேண்டியது இதனால்தான். அடித்தளத்தில் நீர் நிற்கும்போது முதலில் அந்தக் கட்டடத்தின் மின்சாரம் நிறுத்தப்படவேண்டும் என்பது குடிமைப் பாதுகாப்பின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. அதைச் சொல்லப் பெரிய படை தேவையில்லை. அந்தத் தெருவைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற, அயலார் அறிந்த ஒருவர் போதும். அந்த ஒருவரைத்தான் வார்டன் என்று 1968-ஆம் ஆண்டுச் சட்ட ஏற்பாடு அழைக்கிறது.

ஒரே ஆண்டில் மூன்று மாற்றங்கள்

தன்னார்வலர் தாமாக ஓடிவருவது ஒன்று. அமைப்பின் பெயரால் அழைக்கப்பட்டு வருவது வேறு. இரண்டாவதற்கு ஆணை வேண்டும், எல்லை வேண்டும், அடையாள அட்டை வேண்டும், விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற தெளிவு வேண்டும். 2025-இல் இவையனைத்தையும் தொடும் மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன.

முதலாவது, பேரிடர் மேலாண்மைத் திருத்தச் சட்டம். 2005-ஆம் ஆண்டின் மூலச் சட்டம் மாவட்டத்தையே அடிப்படை அலகாகக் கொண்டிருந்தது. பெருநகரங்களுக்குத் தனி ஏற்பாடு இல்லை. 2025 ஏப்ரல் 9 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம், மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையங்களை அமைக்க வழிவகுக்கிறது. டெல்லியும் சண்டிகரும் விதிவிலக்கு. ஆணையத்துக்கு மாநகராட்சி ஆணையர் தலைவர்; மாவட்ட ஆட்சியர் துணைத்தலைவர்.

இரண்டாவது, மே மாதப் பாதுகாப்பு ஒத்திகையும் அதையொட்டிய மத்திய அரசின் கடிதமும். குடிமைப் பாதுகாப்பு விதிகளின் 11-ஆவது பிரிவின்கீழ் அவசர அதிகாரங்களைப் பயன்படுத்தித் தேவையானவற்றை உடனடியாகக் கொள்முதல் செய்யுமாறு மாநிலங்களுக்கு உள்துறை அமைச்சகம் அறிவுறுத்தியது. குடிமைப் பாதுகாப்பு நடவடிக்கைகளுக்கான செலவை உள்ளாட்சி அமைப்பின் நிதியிலிருந்து முன்னுரிமையுடன் செய்ய இந்தப் பிரிவு இடமளிக்கிறது. கயிறும் ஸ்ட்ரெச்சரும் மிதவை உடையும் யார் பணத்தில் வாங்கப்படும் என்ற கேள்விக்குச் சட்டம் காட்டும் கை மாநகராட்சியின் பக்கம் நீள்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

மூன்றாவது, அந்த மாநகராட்சியே மாறிப்போனது. 100 வார்டுகளைக் கொண்டிருந்த பழைய பெங்களூரு மாநகராட்சியுடன் ஏழு நகரசபைகளையும் ஒரு பேரூர் சபையையும் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களையும் இணைத்து 2007-இல் உருவான பெரு மாநகராட்சி, 2025 செப்டம்பர் 2 அன்று மத்தி, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. அவற்றுக்கு மேல், முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட பெருநகர பெங்களூரு ஆணையம் உள்ளது. கடைசியாக மன்றத் தேர்தல் நடந்த 2015-இல் 198 ஆக இருந்த வார்டுகள் 369 ஆகப் பெருகியுள்ளன: மேற்கில் 112, வடக்கிலும் தெற்கிலும் தலா 72, மத்தியில் 63, கிழக்கில் 50.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சிக்கல் விளங்கும். குடிமைப் பாதுகாப்புச் சட்டப்படி தன்னார்வலரை அழைக்கும் அதிகாரம் மாவட்ட நிர்வாகத்தின் வழி வருகிறது. புதிய பேரிடர்ச் சட்டப்படி நகர வெள்ளத்துக்குப் பொறுப்பேற்கவேண்டியவர் மாநகராட்சி ஆணையர். பெங்களூருவில் அத்தகைய ஆணையர்கள் ஐவர். செலவும் உபகரணமும் அவர்களிடம், ஆள்பட்டியலும் பயிற்சியும் தீயணைப்புத் துறையோடு சேர்ந்த தலைமை இயக்குநரகத்திடம், கட்டளை ஆட்சியரிடம். அமைதியான நாளில் இவர்கள் ஒரு கூட்டம் போட்டுப் பேசி முடிக்கலாம். நள்ளிரவில் தண்ணீர் முழங்காலைத் தாண்டும்போது கூட்டம் போட நேரமிராது.

தண்ணீர் வார்டு எல்லை பார்ப்பதில்லை

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டின் மீது அமைந்த நகரம் பெங்களூரு. பெரிய ஆறு எதுவும் நகரின் நடுவே ஓடவில்லை. பெய்யும் மழை ஹெப்பாள், கோரமங்களா–செல்லகட்டா, விருஷபாவதி என்னும் மூன்று பள்ளத்தாக்குகள் வழியே வெளியேறுகிறது. ஏரிக்கு ஏரி நீர் வழியும்படி முன்னோர் அமைத்த சங்கிலியை இணைப்பவை கன்னடத்தில் ராஜகாலுவே எனப்படும் பெருங்கால்வாய்கள். அவற்றின் நீளம் 800 கிலோமீட்டருக்கும் மேல். ஆக்கிரமிப்பும் கழிவும் அவற்றைச் சுருக்கிவிட்டன என்பது பழங்கதை. அதை இங்கு விரிக்கவேண்டியதில்லை.

முக்கியமானது நீரின் திசை. மத்திய, தெற்குப் பகுதிகளில் பெய்யும் மழையின் ஒரு பங்கு கோரமங்களா–செல்லகட்டா பள்ளத்தாக்கின் வழியே பெல்லந்தூர் ஏரிக்கும் அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும் செல்கிறது. இவ்விரு ஏரிகளும் இருக்கும் மகாதேவபுரா பகுதி கிழக்கு மாநகராட்சியைச் சேர்ந்தது. அதன்பின் அந்நீர் தென்பெண்ணையில் கலந்து ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. அணையின் மதகுகளில் பொங்கும் நுரையைத் தமிழ்நாட்டு வாசகர்கள் அறிவார்கள். ஆக, ஒரு மாநகராட்சியில் பெய்த மழைக்கு இன்னொரு மாநகராட்சியின் தன்னார்வலர் சில மணிநேரம் கழித்து வெளியேற வேண்டியிருக்கிறது. அவருக்குச் செய்தி சொல்லவேண்டியவர் யார்?

முன்னறிவிப்புக் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் நகரெங்கும் தானியங்கி மழைமானிகளை நிறுவியுள்ளது. இந்திய அறிவியல் கழகத்தின் துணையுடன் உருவான மேக சந்தேசா செயலி, எந்தப் பகுதியில் எவ்வளவு மழை, எங்கு வெள்ள அபாயம் என்பதைக் காட்டுகிறது. தகவல் திரையில் இருக்கிறது. அதைப் பார்த்து வர்த்தூரிலோ ஹொரமாவிலோ உள்ள பத்துப் பேரைத் தெருவுக்கு இறக்கும் ஒற்றை அழைப்புதான் விடுபடும் கண்ணி.

கேரளம் தேர்ந்த வழி

அண்டை மாநிலம் இதற்கு ஒரு விடை கண்டுள்ளது. 2018 பெருவெள்ளத்தில் கேரளத்தின் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிவந்து ஆயிரக்கணக்கானோரை மீட்டனர். அவர்களில் பலர் தாமாகவே வந்தனர். அத்தகைய உதவியை அடுத்தமுறை தற்செயலுக்கு விட்டுவிடக்கூடாது என்று கருதிய அரசு, தீயணைப்பு மற்றும் மீட்புப் படையின் கீழ் குடிமைப் பாதுகாப்புப் படையை உருவாக்கியது. மாநிலத்தின் 124 தீயணைப்பு நிலையங்கள் ஒவ்வொன்றோடும் 50 தன்னார்வலர்கள் இணைக்கப்பட்டனர். மொத்தம் 6,200 பேர்.

இதில் உள்ள நுட்பம் எளிது. வார்டு எல்லை தேர்தலுக்குத் தேர்தல் மாறும்; மாநகராட்சியே பிரியும், சேரும். தீயணைப்பு நிலையம் இருந்த இடத்திலேயே இருக்கும். இரவும் பகலும் ஆள் இருக்கும். மணி அடித்தால் எடுக்க ஒருவர் இருப்பார். கயிறும் ஏணியும் வண்டியும் அங்கேயே உள்ளன. தன்னார்வலருக்குத் தம் நிலைய அதிகாரியின் முகம் தெரியும். தீயணைப்பும் குடிமைப் பாதுகாப்பும் ஏற்கெனவே ஒரே தலைமையில் உள்ள கர்நாடகத்துக்கு இது பொருந்தாத ஏற்பாடன்று. ஐந்து ஆணையர்களின் எல்லைகளுக்கு ஏற்ப வார்டன்களை மீண்டும் பிரித்து அட்டவணை போடுவதைவிட இது விரைவாக நடக்கக்கூடியதும்கூட.

மத்திய அரசின் ஆப்த மித்ரா திட்டமும் இதே வெற்றிடத்தை நிரப்ப வந்ததே. 2016-இல் வெள்ள அபாயமுள்ள 30 மாவட்டங்களில், மாவட்டத்துக்கு 200 பேர் என முன்னோட்டமாகத் தொடங்கி, பின்னர் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்கள் என்ற இலக்குக்கு 2021-இல் விரிவாக்கப்பட்டது. 18 முதல் 40 வயது வரையிலானோருக்குப் பயிற்சி, மீட்பு உபகரணப் பை, காப்பீடு ஆகியவை இதில் உண்டு. காப்பீடு என்ற ஒரு சொல்லுக்காகவே இத்திட்டம் பாராட்டத்தக்கது. வெள்ளத்தில் இறங்கும் தன்னார்வலரின் குடும்பம் கேட்கும் முதல் கேள்வி அதுதான். குடிமைப் பாதுகாப்பு, ஆப்த மித்ரா, ஊர்க்காவல் படை என ஒரே தெருவில் மூன்று பட்டியல்கள் இருந்து, ஒன்றுக்கொன்று தெரியாமல் போவது மட்டும் தவிர்க்கப்படவேண்டும்.

சேர விரும்புவோருக்கு

குடிமைப் பாதுகாப்பின் அடிப்படைப் பயிற்சி முதலுதவி, தீயணைப்பு, மீட்பு ஆகிய மூன்றையும் உள்ளடக்கியது. மயங்கியவருக்கு இதய இயக்க மீட்பு அளிப்பது, இரண்டு மூங்கில் கழிகளையும் போர்வையையும் கொண்டு ஸ்ட்ரெச்சர் செய்வது, ஒருவரை மாடியிலிருந்து இறக்கத்தக்க கயிற்று முடிச்சுகள், எவ்வகைத் தீக்கு எதைப் பயன்படுத்தக்கூடாது என்பவை முதல் பாடங்கள். ஊதியம் கிடையாது. கன்னடம் சரளமாகத் தெரியாதோரும் தயங்கவேண்டியதில்லை. தமிழ், தெலுங்கு, உருது, இந்தி பேசும் குடியிருப்புகள் நிறைந்த நகரில் அந்தந்த மொழியில் கதவைத் தட்டிச் சொல்லக்கூடியவர் வெள்ள இரவில் பெரும் துணை. தலைமையகம் அமைந்துள்ள அண்ணாசாமி முதலியார் சாலை, திருவள்ளுவர் சிலை நிற்கும் அல்சூர் ஏரிப் பகுதியிலேயே உள்ளது.

பயிற்சி பெறாதவர்களும் நினைவில் வைக்கவேண்டியவை சில. சுரங்கப்பாதையில் நீர் தேங்கியிருந்தால் ஆழம் பார்க்க வாகனத்தை இறக்கக்கூடாது. அடித்தளத்தில் நீர் புகுந்தால் மின்சாரம் முற்றிலும் நிறுத்தப்பட்டதை உறுதிசெய்யும் வரை யாரும் இறங்கக்கூடாது, மோட்டாரையும் இயக்கக்கூடாது. மின்சாரம் தொடர்பான புகார்களுக்கு பெஸ்காம் நிறுவனத்தின் எண் 1912. தெருவில் தேங்கும் நீர், சாய்ந்த மரம் குறித்து மாநகராட்சி உதவி எண் 1533. உயிருக்கு ஆபத்தான எந்த நிலையிலும் 112.